ஜன்னல் சீட்: எந்தப் பக்கம், எந்த வரிசை?

விமானத்தில் ஜன்னல் சீட் எடுத்துவிட்டால் காட்சி தானாக வந்துவிடாது. டிக்கெட் போடும்போது திரையில் தெரிவது வெறும் கட்டங்கள். எந்தக் கட்டத்துக்கு வெளியே மலை வரும், எதற்கு வெளியே இறக்கை வரும், எதில் வெயில் முகத்தில் அடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: விமானம் போகும் பாதை, அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் திசை, இறக்கை இருக்கும் இடம். இதே ஒழுங்கில் பாருங்கள். வரிசை எண் தப்பினால் பாதிக் காட்சி போகும். பக்கம் தப்பினால் மொத்தமும் போய்விடும். அதனால் முதலில் இடதா வலதா என்பதை முடிவு செய்துகொண்டு, அப்புறம்தான் முன்னாலா பின்னாலா என்று யோசிக்க வேண்டும்.

விமானத்தின் மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் ‘ஏ’ இடது ஜன்னல். இருபுறமும் மூன்று மூன்று சீட் உள்ள ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றில் ‘எஃப்’ வலது ஜன்னல். இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களில் வலது ஜன்னல் பெரும்பாலும் ‘கே’. ‘ஐ’ எழுத்து 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். சிறிய விமானங்களில் வலது ஜன்னலின் எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட் வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாதையைக் கண்டுபிடிப்பது

விமானங்களின் பாதையைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 அல்லது ஃப்ளைட்அவேர் தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் அதே விமானம் கடந்த சில நாட்களில் பறந்த தடம் கிடைக்கும். ஒரே ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள். நாலைந்து நாள் தடங்களைத் திறந்து பார்த்தால் எந்தப் பகுதி தினமும் ஒன்றாக இருக்கிறது, எது மாறுகிறது என்பது தெரிந்துவிடும். நடுவழிப் பாதை பெரும்பாலும் அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் கிளம்பும் இடத்திலும் இறங்கும் இடத்திலும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தடம் கிடைக்காவிட்டால் நேர்கோடு போட்டுப் பார்க்கலாம். நைரோபியிலிருந்து தார் எஸ் சலாம் போகும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வழியில் எல்லோரும் தேடுவது கிளிமஞ்சாரோவை. இரண்டு ஊருக்கும் நடுவே கோடு போட்டால், மலை இருக்கும் அட்சரேகையில் அந்தக் கோடு மலைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே போகிறது. விமானம் தென்கிழக்கே பறக்கிறது; மலை மேற்கே நிற்கிறது. ஆக வலது ஜன்னல். திரும்பி வரும்போது இடது. மலையின் உயரம் 5,895 மீட்டர், விமானம் ஏறத்தாழ 10,000 மீட்டர் உயரத்தில் போகும் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சிகரம் கண் மட்டத்துக்கு 8 பாகை கீழே தெரியும். கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் உயரம் சுமார் 10 பாகை. அதாவது அடிவானத்துக்கு ஒரு முஷ்டிக்கும் குறைவான இறக்கத்தில் சிகரம் இருக்கும். இறக்கைக்கு மேலே அமர்ந்திருந்தாலும்கூடத் தெரியக்கூடிய காட்சி இது. மலை இன்னும் நெருங்கி, பாதையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது அது 20 பாகைக்கு மேல் கீழே போய்விடுவதால் இறக்கை குறுக்கே வரும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜன்னலிலிருந்து நேர் கீழே இருப்பது தெரியாது. 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது 45 பாகை சாய்வாகக் கீழே பார்த்தால் கண்ணில் படும் நிலம் பாதையிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே பாதை சரியாக மலையின் தலைக்கு மேலேயே போகிறது என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். இரண்டு பக்கமும் சரியாகத் தெரியாமல் போகலாம். கொஞ்சம் தள்ளிப் போகும் பாதைதான் நல்லது. அந்த உயரத்தில் அடிவானம் 370 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும், நிலத்தின் விவரங்கள் பளிச்சென்று தெரிவது பக்கவாட்டில் 15 முதல் 60 கிலோமீட்டருக்குள்தான். பனிமலைகள் விதிவிலக்கு. காற்று தெளிவாக இருந்தால் 150 கிலோமீட்டர் தாண்டியும் வெள்ளையாக எழும்பி நிற்கும்.

கணக்குப் போடாமலே சொல்லிவிடக்கூடிய வழித்தடங்களும் உண்டு. டெல்லியிலிருந்து காத்மாண்டு, காத்மாண்டிலிருந்து பூட்டானின் பாரோ: கிழக்கே போகிறீர்கள், இமயம் வடக்கே, அதனால் இடது. திரும்பும்போது வலது. சியாட்டிலிலிருந்து தெற்கே போர்ட்லேண்டுக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ போனால் ரெய்னியர் சிகரம் கிழக்கே நிற்பதால் இடது. டோக்கியோ ஹனேடாவிலிருந்து ஒசாகா பக்கம் போகும்போது பாதை பெரும்பாலும் ஃபூஜிக்குத் தெற்கே போகும், அதனால் வலது.

நீண்ட தூரப் பயணத்தில் தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு ஏமாறக் கூடாது. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற விமானம் கிரீன்லாந்துக்கு மேலேயோ அதன் தெற்கு முனைக்குப் பக்கத்திலோ போகும். தட்டை வரைபடத்தில் அட்லாண்டிக் நடுவே கோடு போட்டவர் பனிக்கட்டிப் பிரதேசம் வருகிறது என்றே தெரியாமல் ஜன்னல் திரையை மூடித் தூங்கிவிடுவார். கூகுள் எர்த்தில் உருண்டையின்மேலே கோடு இழுத்தால் சரியான வளைவு கிடைக்கும்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

மிக நெருக்கமான காட்சி முதல் இருபது நிமிடத்திலும் கடைசி அரை மணியிலும்தான் இருக்கிறது. 35,000 அடியிலிருந்து இறங்கும் விமானம் ஏறத்தாழ 190 கிலோமீட்டருக்கு முன்பே இறங்கத் தொடங்கும். அந்தத் தூரம் முழுக்க நிலம் உங்களை நோக்கி வந்துகொண்டே இருக்கும். வீடும் சாலையும் படகும் தனித்தனியாகத் தெரிவது அப்போதுதான்.

இங்கே பக்கத்தைத் தீர்மானிப்பது காற்று. விமானங்கள் எதிர்காற்றை நோக்கித்தான் ஏறும், இறங்கும். ஓடுபாதையின் எண் அதன் திசையைச் சொல்லும்: 09 என்றால் ஏறக்குறைய 90 பாகை, அதாவது கிழக்கே, அதே பாதையை மறுமுனையிலிருந்து பயன்படுத்தினால் 27, மேற்கே. நகரம் ஓடுபாதைக்கு வடக்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 27இல் இறங்கினால் நகரம் வலது பக்கம். 09இல் இறங்கினால் இடது. காற்று திரும்பினால் உங்கள் ஜன்னலும் தலைகீழ். முதல் நாளே முழு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முன்னறிவிப்பில் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதே மாதிரிக் காற்று வீசிய நாட்களில் விமானங்கள் எந்த முனையில் இறங்கின என்று தடத்தில் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. அந்தக் காற்றில் விமானம் மேற்கு நோக்கி இறங்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான பக்கம் எடுப்பவர்கள் நிறையப் பேர்.

திரும்பும் பக்கமும் முக்கியம். இறங்கும் வழியில் விமானம் இடது பக்கம் வளைந்தால் இடது இறக்கை தாழும். அந்தப் பக்க ஜன்னல் முழுக்க நிலம், எதிர்ப்பக்க ஜன்னல் முழுக்க வானம். தடத்தில் பெரிய வளைவு ஒன்று நகரத்துக்கு மேலேயோ கடற்கரைக்கு மேலேயோ இருந்தால், அந்த வளைவின் உட்பக்கம்தான் உங்கள் பக்கம்.

சூரியன்

இதை முழுதாகவே மறந்துவிடுகிறார்கள். விமான ஜன்னல் என்பது கண்ணாடி அல்ல, அக்ரிலிக் தகடு. அதில் கீறலும் தூசியும் எப்போதும் இருக்கும். வெயில் நேரடியாக விழுந்தால் ஒவ்வொரு கீறலும் ஒளிர்ந்து, வெளியே இருப்பது மங்கிவிடும். கண்ணும் கூசும். ஆகவே நிலத்தைப் பார்க்கவும் படம் எடுக்கவும் நிழல் பக்கமே நல்லது.

வடக்கே போகும் விமானத்தில் காலையில் வெயில் வலது, மாலையில் இடது. தெற்கே போனால் இதற்கு நேர்மாறு. கிழக்கு மேற்குப் பயணத்தில் நண்பகல் சூரியனைப் பார்க்க வேண்டும். கடக ரேகைக்கு வடக்கே அது எப்போதும் தெற்கில் நிற்கும். அங்கே கிழக்கே பறந்தால் வலது பக்கம் வெயில், மேற்கே பறந்தால் இடது. மகர ரேகைக்குத் தெற்கே அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் பருவத்தைப் பொறுத்து இரு பக்கமும் போய்வரும். டைம்அண்ட்டேட் தளத்தில் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியனின் திசையைப் பாகைக் கணக்கில் சொல்லிவிடும்.

சூரிய அஸ்தமனமே வேண்டும் என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நேர் மேற்கே போகும் விமானத்தில் சூரியன் மூக்குக்கு முன்னால் இருக்கும். பக்கவாட்டு ஜன்னலில் தெரியாது. டிசம்பரை ஒட்டிய மாதங்களில் சூரியன் தென்மேற்கே மறையும், அப்போது மேற்கே போகிறவர் இடது பக்கம் எடுக்கலாம். ஜூனை ஒட்டி வடமேற்கே மறையும், அப்போது வலது. வடக்கோ தெற்கோ போகும் மாலை விமானத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 60 பாகை அட்சரேகையில் பூமி சுழலும் வேகம் மணிக்குச் சுமார் 835 கிலோமீட்டர். ஜெட் விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேற்கே போவதால் அங்கே அஸ்தமனம் மணிக்கணக்கில் நீளும். எனக்கு இந்த உலகில் மிகப் பிடித்த காட்சிகளில் ஒன்று அது.

நிழல் பக்கத்தில் உட்காருபவருக்கும் சூரியன் ஒன்றைத் தருகிறது. கீழே மேகப் பரப்பு இருந்தால், சூரியனுக்கு நேர் எதிரே மேகத்தின்மீது வண்ண வளையம் ஒன்று விமானத்தோடு கூடவே ஓடிவரும். மேகத்துளிகள் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதால் உண்டாவது இது. மேகம் பக்கத்தில் இருந்தால் வளையத்துக்குள் விமானத்தின் நிழலும் தெரியும். அந்த நிழலில் வளையத்தின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: இறக்கைக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு அது இறக்கைக்கு முன்னால் இருக்கும், வாலருகே உட்கார்ந்தவருக்கு வாலருகே. ஒவ்வொருவர் கண்ணுக்கும் வளையம் தனித்தனி. உயரம் கூடக்கூட நிழல் கரைந்து வளையம் மட்டும் மிஞ்சும். மாலையில் அதே பக்கத்தில், அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டையாகப் பூமியின் நிழலும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் எழும். அஸ்தமனத்தைப் பார்க்கும் பக்கத்தில் இருப்பவருக்கு இது கிடைக்காது.

துருவ ஒளிக்கு, வட அட்லாண்டிக்கைக் கடக்கும் இரவு விமானத்தில் வடக்குப் பக்கம் வேண்டும். வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் இரவில் கிழக்கே பறப்பதால் இடது ஜன்னல்.

வரிசை

இப்போதுதான் இறக்கை. முன் வரிசைகளா பின் வரிசைகளா என்று கேட்டால் என் பதில் தயக்கமில்லாமல் முன் வரிசைகள். இறக்கையும் இன்ஜினும் பின்னால் இருக்கும். முன்னாலும் கீழேயும் எதுவும் மறைக்காது. பின்பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இன்ஜினிலிருந்து வரும் சூடான காற்று இறக்கைக்குப் பின்னால் நீண்டு போகும். அதன் வழியே பார்த்தால் நிலம் கானல்நீர் போல நெளியும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, படத்தில் தெரியும். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அந்தப் பகுதி கூர்மையாக வராது. பின்னால்தான் இடம் கிடைக்கிறது என்றால், இறக்கைக்கு உடனே பின்னால் உள்ளதை விட்டுவிட்டு ஆறேழு வரிசையாவது தள்ளிப் போங்கள். மிகக் கடைசி வரிசையில் சில விமானங்களில் ஜன்னலே இருக்காது.

30 வரிசை உள்ள ஏ320இல் இறக்கை சுமார் 9 அல்லது 10ஆம் வரிசையில் தொடங்கி 20 வரை மறைக்கும். 737-800இலும் ஏறத்தாழ அப்படித்தான். அவசரவழி வரிசை எது என்று தெரிந்தால் இறக்கையின் நடு எங்கே என்பது தெரிந்துவிடும், ஏனென்றால் இந்த விமானங்களில் அந்தக் கதவுகள் இறக்கையின்மேல்தான் திறக்கும். கால் நீட்ட வசதியான இடம் என்று அதைக் காசு கொடுத்து எடுப்பவர், காட்சியை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே எடுக்க வேண்டும். 777, 787, ஏ350 போன்ற பெரிய விமானங்களில் எகானமி பெரும்பாலும் இறக்கையை ஒட்டித் தொடங்குவதால் முன்னால் இடம் கிடைக்காது. வாலைப் பார்த்துப் போவது தவிர வழியில்லை.

ஏடிஆர் 72 மாதிரியான ப்ரொப்பெல்லர் விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே. கீழே எதுவும் மறைக்காது; அது பறக்கும் உயரமும் ஜெட்டின் பாதிதான். காட்சிக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பகுதியில் மட்டும் இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் ஜன்னலுக்கு நேராக வரும், பின்பாதியில் உட்காருங்கள். டாஷ் 8 கியூ400இலும் இறக்கை மேலேதான், ஆனால் அதன் சக்கரங்கள் இன்ஜினுக்குக் கீழிருந்து இறங்கும். இறங்கும் நேரத்தில் நடு வரிசைக்காரருக்குச் சக்கரக்கால் குறுக்கே நிற்கும். இன்ஜின் வாலருகே உள்ள சிஆர்ஜே வகைச் சிறிய ஜெட்களில் பின் வரிசைகளைத் தவிர்க்க வேண்டும். சிஆர்ஜே 200இல் ஜன்னல்கள் தாழ்வாக இருக்கும் என்பதால் உயரமானவர்கள் குனிந்தே பார்க்க வேண்டியிருக்கும்.

வரிசை சரியாக இருந்தும் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடுவது ஏன்? ஜன்னல்களின் இடைவெளி விமானத்தின் எலும்புக்கூட்டோடு சேர்ந்தது, ஏ320இல் சுமார் 53 செ.மீ. சீட்டுகளின் இடைவெளியை விமான நிறுவனம் தீர்மானிக்கிறது, 71 முதல் 81 செ.மீ. இரண்டும் பொருந்தாததால் ஒரு வரிசைக்கு இரண்டு ஜன்னல் கிடைக்கும், அடுத்ததற்கு ஒன்றின் ஓரம் மட்டும். 737-800இல் இறக்கைக்குச் சற்று முன்னால், 10 முதல் 12 வரையான வரிசைகளில், ஜன்னலே இல்லாத இடம் உண்டு: குளிர்காற்றைக் கீழிருந்து மேலே கொண்டுபோகும் குழாய் அங்கே சுவருக்குள் ஏறுகிறது. இதைச் சாதாரண சீட் வரைபடம் சொல்லாது. ஏரோலோபா தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் விமானத்தையும் ஜன்னல்களோடு அளவாக வரைந்திருக்கிறார்கள். சீட் எடுக்குமுன் அதைத் திறந்து ஜன்னல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் விமான வகை மாறுவது சகஜம். அதனால் செக்இன் திறந்ததும் ஒருமுறை மறுபடி பார்ப்பது அவசியம். நல்ல சீட் பலவும் கிடைக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

நேரமும் கருவியும்

மலைப் பாதைக்குக் காலை விமானம். வெயில் ஏற ஏற மலைச்சரிவில் சூடான காற்று எழுந்து, மதியத்துக்குள் சிகரங்களை மேகம் மூடிவிடும். தாழ்ந்த வெயிலில் பள்ளமும் மேடும் நிழலால் பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று கழுவியதுபோல் இருக்கும்.

படம் எடுக்க: பிளாஷை அணையுங்கள். லென்ஸை ஜன்னலுக்கு ஒரு விரல் இடைவெளியில், நேராகப் பிடியுங்கள். ஜன்னலில் அழுத்தினால் அதிர்வு ஏறும், சாய்த்துப் பிடித்தால் பிம்பம் குழையும். போனில் தொலைவில் ஒரு புள்ளியை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொண்டால் அது கீறலைத் தேடிப் போகாது. கேமராவில் ஷட்டர் 1/500 நொடிக்குக் குறையாமல், லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப் 5.6 சுற்றில். ரொம்பச் சிறிய துளை வைத்தால் ஜன்னலின் கீறலும் படத்தில் வந்துவிடும். போலரைசிங் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும், இழுவிசையில் இருக்கும் அக்ரிலிக்கின் வழியே பார்க்கும்போது அது வானவில் பட்டைகளை உண்டாக்கும். உள்ளே தெரியும் பிரதிபலிப்புக்குக் கறுப்புத் துணியோ ஜாக்கெட்டோ போதும். இரவில் போர்வையைத் தலையோடு மூடி ஜன்னலோடு ஒட்டினால் நட்சத்திரமும் தொலைதூர இடிமேகத்தின் மின்னலும் தெரியும். உள் தகட்டிலிருக்கும் கைரேகையை மென்துணியால் துடைக்கலாம். நடுத் தகட்டின் சிறு துளையைச் சுற்றிப் படியும் பனிப்பூவை ஒன்றும் செய்ய முடியாது. இறங்கும்போது தானே உருகும். 787இல் திரைக்குப் பதில் நிறம் மாறும் ஜன்னல், அதைப் பணியாளர்கள் மொத்தமாக இருட்டாக்கிவிடுவதும் உண்டு. இராணுவமும் பயன்படுத்தும் சில விமான நிலையங்களில் படம் எடுக்கத் தடை இருக்கும், அறிவிப்பைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

கிளம்புமுன் போகும் வழியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட் மோடில் இருந்தாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும். போனை ஜன்னலோடு ஒட்டிச் சில நிமிடம் அசைக்காமல் பிடித்தால் நீலப் புள்ளி வரைபடத்தில் வந்துவிடும். நடைவழிப் பக்கம் பிடித்தால் வராது. அதற்குப் பிறகு கீழே தெரியும் ஆற்றின் பெயரும் அணையின் பெயரும் கையிலேயே இருக்கும்.